பற்றவைக்கும் முன் முள்ளைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய லாரி பட்டறைகள், ஓசூர் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள், போர்வெல் கேசிங் பைப் வெட்டுகிறவர்கள், பழைய இரும்புக் கடைகள் என்று நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆக்சிஜனும் அசிட்டிலீனும் எரித்து இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங் நடக்காத நாளே இல்லை. எல்லோரும் வெட்டும் டார்ச்சைத் துடைப்பார்கள், நாசிலை ஊசி விட்டுச் சுத்தம் செய்வார்கள். சிலிண்டர் வாயில் பூட்டிப் பிரஷரைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரை மட்டும் கெட்டுப்போகிற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டர் முழுதாக இருக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பிரஷர். மெரூன் நிற டி.ஏ. சிலிண்டரில், அதாவது கரைத்து அடைத்த அசிட்டிலீன் சிலிண்டரில், 15 கிலோ. 10 மில்லிமீட்டர் பிளேட் வெட்ட நமக்கு வேண்டியதோ ஆக்சிஜன் 2 கிலோ சுமார், அசிட்டிலீன் அரைக் கிலோவுக்குள். சிலிண்டர் குறையக் குறைய டார்ச்சுக்குப் போகும் பிரஷர் மாறாமல் இருக்க வேண்டும். இத்தனை வேலையையும் உள்ளே இருக்கிற ஒரு ஸ்பிரிங், டயாப்ரம் என்கிற ஒரு மெல்லிய சவ்வு, வாயு வரும் வழியை அடைக்கும் பட்டாணி அளவு சீட் இவைதான் செய்கின்றன.

பூட்டுவதற்கு முன் சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போடுங்கள். வால்வை ஒரு நொடி திறந்து மூடினால் வாயில் இருக்கும் தூசி பறந்துவிடும். ஆள் நிற்கும் பக்கம் வாய் இருக்கக் கூடாது, டி.ஏ.வுக்குப் பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது.

அப்புறம் கையைப் பாருங்கள். காலையில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரலில் இருக்கும். கொஞ்ச நேரம் முன் லாரி ஆக்சிலைத் தொட்ட கிரீஸ் நகக்கண்ணில் இருக்கும். அந்தக் கையோடு ஆக்சிஜன் நட்டைத் திருகினால் மரையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் உட்கார்ந்துவிடும். வால்வைத் திறந்ததும் 150 கிலோ ஆக்சிஜன் அந்தச் சின்ன இடத்தில் மோதி அமுங்குகிறது. அமுங்கும் வாயு சூடாகும். சுத்த ஆக்சிஜனில், அந்தச் சூட்டில், எண்ணெய் பற்ற தீப்பொறி தேவையில்லை. ஒருமுறை பற்றினால் ரெகுலேட்டரின் உலோகமே எரியும். அதனால் ஆக்சிஜன் பக்கம் எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். கசிகிறதென்று டெஃப்லான் டேப்பும் சுற்ற வேண்டாம். அந்த இணைப்பில் பித்தளை முனைதான் வால்வில் உட்கார்ந்து அடைக்கிறது, மரை அல்ல. டி.ஏ. நட் இடது மரை. அடையாளத்துக்கு முனைகளில் வெட்டுக் குறி இருக்கும். இறங்க மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள்.

சிலிண்டரைத் திறக்கும் முன் ரெகுலேட்டர் திருகாணியைத் தளர்வாகச் சுழலும் வரை பின்னுக்கு எடுங்கள். நேற்று வெட்டிய அளவிலேயே விட்டுவிட்டு இன்று படாரென்று திறந்தால், அடி முழுதும் டயாப்ரத்துக்கும் டார்ச் பக்கத்துப் பிரஷரைக் காட்டும் இரண்டாவது கேஜுக்கும்தான். கேஜுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று மெல்லத் திறங்கள். ஆக்சிஜன் வால்வை மெதுவாக ஆரம்பித்து முழுக்கத் திறக்கலாம். டி.ஏ.வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியதில்லை. சாவி வால்விலேயே இருக்கட்டும்.

இனி அந்த இரண்டாவது கேஜின் முள். திருகாணி தளர்ந்திருக்கும்போது அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். டார்ச்சை மூடிவைத்து 2 கிலோ வைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். நீங்கள் தொடாமலே முள் ஊர்ந்து ஏறுகிறதா? சீட் தேய்ந்திருக்கிறது, இல்லை தூசி சிக்கியிருக்கிறது. "லேசாத்தானே ஏறுது" என்று வெட்ட உட்காருவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. அசிட்டிலீன் 1 கிலோவைத் தாண்டினால் காற்றோ ஆக்சிஜனோ கலக்காமலேயே சிதைந்து வெடிக்கக் கூடியது. சிலிண்டருக்குள் அசிட்டோனும் நுண்துளைப் பொருளும் அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அங்கே 15 கிலோ தாங்குகிறது. ஹோஸுக்குள் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முள் ஏறினால் சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தகராறும் உண்டு. டார்ச்சின் லீவரை அழுத்தியதும் ஆக்சிஜன் முள் 2-இலிருந்து 1-க்கு விழும், வெட்டு பாதியில் நிற்கும். உடனே ரெகுலேட்டர் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் வால்வு முழுக்கத் திறந்திருக்காது. இல்லையென்றால் நுழைவுக் குழாயில் இருக்கும் சின்ன ஃபில்டரில் துருப்பொடி அடைத்திருக்கும். ஹோஸ் நீளம் அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகும். கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதனால் பிரஷரை எப்போதும் லீவரை அழுத்திக்கொண்டே வையுங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் டி.ஏ. கேஜ் குறைத்துக் காட்டும். கேஸ் தீரவில்லை, குளிரில் பிரஷர் இறங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் சரியாகும். நெருப்புக் காட்டாதீர்கள். நீண்ட நேரம் வெட்டும்போது ரெகுலேட்டரில் பனி பூத்தால் வெந்நீரில் நனைத்த துணி போதும். அசிட்டிலீனை ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுத்தால் அசிட்டோனும் சேர்ந்து வரும். பெரிய நாசில் போட வேண்டுமென்றால் இரண்டு சிலிண்டரை இணைப்பதுதான் வழி.

சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ரெகுலேட்டர் மூடியில் உள்ள சின்னத் துளையில் குமிழி வந்தால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. ஹோஸ் அறுந்தால் செம்புக் குழாய் வைத்து ஒட்டுப் போடுவதை நிறையப் பட்டறைகளில் பார்க்கிறேன். அசிட்டிலீனும் செம்பும் சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் பொருள் உருவாகும். தயவுசெய்து அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

சீட்டும் டயாப்ரமும் மாற்றுவது சோதனை வசதி உள்ளவர்களின் வேலை, பட்டறையில் பிரிக்காதீர்கள். கலங்கரை விளக்குகளுக்கான தானியங்கி ரெகுலேட்டருக்காக 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் ஸ்வீடனின் குஸ்டாஃப் டாலென். அதே ஆண்டில் அசிட்டிலீன் சோதனையில் ஏற்பட்ட வெடிப்பில் அவர் பார்வை இழந்தார். இந்த வாயுவை அவரைவிட அறிந்தவர்கள் அன்று வெகு சிலர்தான்.

வேலை முடிந்ததும் இரண்டு சிலிண்டரையும் மூடி, ஒவ்வொரு ஹோஸாக டார்ச் வழியே வெளியேற்றி, முட்கள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு திருகாணிகளைத் தளர்த்துங்கள். டார்ச்சிலிருந்து தீ ஹோஸ் வழியே திரும்பி வருவதுதான் ஃப்ளாஷ்பேக்; ரெகுலேட்டர் வெளிவாயில் அதைத் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாதவர்கள் இரண்டு பக்கமும் வாங்கி மாட்டுங்கள். ஒருமுறை ஃப்ளாஷ்பேக் வாங்கிய அரெஸ்டரைச் சோதிக்காமல் மறுபடி வேலைக்குப் போடக் கூடாது. வணக்கம்.