65 வயசுல புரூஸ் டிக்கின்சன் குரல்: நம்ம ஆட்கள் ஏன் ரெண்டா பிரிஞ்சு நிக்கிறாங்க?

[திரையில்: மழையில் ஹட்டன் நகரம். கிட்டார் ஒலி மெல்ல எழுகிறது.]

"மெய்டன் மாதிரி இல்லையே!" புரூஸ் டிக்கின்சனோட 'த மன்ட்ரேக் ப்ரொஜெக்ட்' அல்பம் பத்தி மலையகத்துல ரொக் கேக்குறவங்க கூடினா முதல்ல வர்ற பேச்சு இதுதான். "மெய்டன் வேணும்னா மெய்டனையே கேளு மச்சான்"னு அடுத்த ஆள் மல்லுக்கு நிப்பாரு. ரெண்டு பக்கத்துலயும் விசயம் இருக்கு.

மெய்டன்னா அயன் மெய்டன், இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு. அதோட பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2005க்கு அப்புறம் வெளியிட்ட முதல் தனி அல்பம் இது. வந்தது 2024 மார்ச் 1. மொத்தம் பத்துப் பாட்டு.

[திரையில்: பேஸ் கிட்டார் தந்தியில் ஓடும் விரல்கள்.]

மெய்டன்ல ஸ்டீவ் ஹரிஸ் வாசிக்கிற பேஸ், அதாவது அடிச்சுருதி கிட்டார், டடக் டடக்னு பாட்டை முன்னால நின்னு இழுத்துட்டுப் போகும். இங்க கிட்டாரும் பேஸும் அல்பத்தோட தயாரிப்பாளர் ரோய் ஸீ கையில. பேஸ், கிட்டார் சத்தத்துக்கு அடியில ஒட்டி, கனமா, மெதுவா நகருது. போன் ஸ்பீக்கர்ல கேட்டா அந்தக் கனமே வராது. "சத்து இல்ல"ன்னு சொல்றவங்க, தயவுசெஞ்சு நல்ல ஹெட்போன்ல ஒருதடவை கேளுங்க.

அடுத்தது, "குரல் விழுந்துருச்சு"ங்கிற குறை. இதுலதான் எனக்கு மனசு ஆறல.

[திரையில்: ரெண்டு அல்பம் அட்டைகள், 2015, 2024.]

மெய்டனோட 2015 அல்பம் 'த புக் ஒஃப் சோல்ஸ்' தொடங்குறதே 'இஃப் எடர்னிட்டி ஷுட் ஃபெய்ல்' பாட்டுலதான். புரூஸ் அதைத் தன்னோட தனி அல்பத்துக்குன்னு எழுதி வச்சிருந்தாரு. அதே பாட்டு வரிகள் கொஞ்சம் மாறி, 'எடர்னிட்டி ஹேஸ் ஃபெய்ல்ட்'னு இந்த அல்பத்துல திரும்ப வருது. நடுவுல அவருக்கு நாக்குல புற்றுநோய், கதிர்வீச்சு, கீமோ எல்லாம் நடந்துருச்சு. மெய்டன் பதிப்பைப் பாடினது அந்தச் சிகிச்சைக்கு முன்னாடி.

ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. உச்சத்துல பழைய மினுக்கம் குறைஞ்சிருக்கு, உண்மைதான். ஆனா கீழ்ச்சுருதியில ஒரு கரகரப்பு வந்து உக்காந்திருக்கு. சொல் ஒவ்வொண்ணும் பாரத்தோட இறங்குது. நம்ம தோட்டங்கள்ல மாசி மாசம், காமன் - ரதி கதையை ஆடிப் பாடுற காமன் கூத்து விடிய விடிய நடக்கும். விடியற நேரத்துல தொண்டை கட்டின கூத்து வாத்தியார் பாடுறப்ப கூட்டம் இன்னும் கிட்ட வந்து கேக்கும். சுத்தம் போன குரல்லதான் பாட்டோட வலி வெளிய வருதுன்னு அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

'ஃபேஸ் இன் த மிரர்' கேட்டா இன்னும் தெளிவாப் புரியும். குடிக்கு அடிமையானவனைப் பத்தின மெதுவான பாட்டு, இரைச்சலே இல்ல. குரல் ஒளிய இடமில்லாத பாட்டை இந்த வயசுல துணிஞ்சு பாடியிருக்காரு. என் காதுக்கு அல்பத்துலயே சிறந்தது இதுதான்.

[திரையில்: காமிக்ஸ் பக்கங்கள் புரளுகின்றன.]

இந்த அல்பத்தோட சேர்ந்து ஒரு காமிக்ஸ் தொடரும் வந்துச்சு. பாட்டுகள்ல அந்தக் கதையைத் தேடிக் குழம்பினவங்க நிறைய. தேட வேண்டாம், பாட்டுகள் தனித்தனியாவே நிக்குது.

கடைசிப் பாட்டு 'சொனாட்டா' கிட்டத்தட்ட பத்து நிமிசம். அது நீளம்னு சொல்றவங்களோட நான் சண்டைக்கு வரல, நடுவுல ரெண்டு நிமிசம் குறைச்சிருக்கலாம். புதுசாக் கேக்குறவங்க அதுல தொடங்காதீங்க. 'ரெய்ன் ஒன் த கிரேவ்ஸ்'ல தொடங்குங்க.