மேலதான இருக்கு, தம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

மேல ஆவணி மூல வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருபது வருஷமாகக் கணினியும் கைபேசியும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வானொலி நிலையத்திலிருந்து பேச அழைத்தபோது எதைப் பற்றி என்று கேட்டேன். 'கிளவுட்' என்றார்கள். நம் படங்களையும் கோப்புகளையும் இணையம் வழியாக வேறோர் இடத்தில் சேமித்து வைக்கும் வசதிக்கு மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேகத்தைப் பற்றி மதுரைக்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்? வருணன் ஏழு மேகங்களை ஏவி ஊரை மூழ்கடிக்கப் பார்த்தான், சொக்கநாதர் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை அனுப்பினார், அவை நான்கு மாடங்களாகக் கூடி ஊரை மூடிக் காத்தன, அதனால்தான் இது நான்மாடக்கூடல் என்று என் அப்பத்தா கதை சொல்லும். அன்றைக்குத் தொடங்கிய பழக்கமோ என்னவோ, மேகம் காப்பாற்றும் என்று இன்னமும் நம்புகிறோம்.

போன ஆடி மாதம் சோழவந்தான் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் போன். பேத்திக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் வேண்டும். போனில் ஒன்றுமில்லை. "மேலதான இருக்கு, தம்பி. எறக்கிக் குடுங்க" என்று விரலைக் கூரைப் பக்கம் காட்டினார். நானும் அனிச்சையாக மேலே பார்த்தேன். அங்கே காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

விசாரித்தால் விஷயம் இதுதான். போனில் இடம் போதவில்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் ஒரு பையன், "எல்லாம் கிளவுட்ல ஏறிடுச்சு, போன்ல இருக்கிறத அழிச்சிரலாம் அப்பத்தா" என்று சொல்லி அழித்துக் கொடுத்திருக்கிறான். படங்கள் மேலே ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் போனிலிருந்து அழித்தபோது மேலேயும் சேர்ந்தே அழிந்துவிட்டன. அந்தச் செயலியின் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடந்திருக்கும். அவர் என்னிடம் வந்தது நான்காவது மாதம்.

இந்த ஓர் இடத்தில்தான் பத்துக்கு ஏழு பேர் சறுக்குகிறார்கள். இது என் கடைக் கணக்கு, வேறு எந்தக் கணக்கும் இல்லை. பெரும்பாலான கிளவுட் செயலிகள் செய்வது ஒத்திசைவு. போனில் இருப்பது மேலே தெரியும், மேலே இருப்பது போனில் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டை அழித்தால் கண்ணாடிக்குள் இருப்பவளுக்கும் பொட்டு போய்விடும் அல்லவா? அதுபோல. நாம் கண்ணாடியைப் பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். போனில் இடம் வேண்டுமென்றால், மேலே பத்திரமாக ஏறியவற்றைப் போனிலிருந்து மட்டும் நீக்கும் தனி வசதி அதே செயலியில் இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிப் பொத்தானை அமுக்குவது வேறு.

சரி, நாம் எதையும் அழிக்கவில்லை, அவர்களே தொலைத்தால்? அதுவும் நடக்கிறது. கிளவுட் என்பது ஏதோ ஓர் ஊரில் ஒரு கட்டடம், தரவு மையம் என்பார்கள். அதற்குக் கரண்டு வேண்டும், ஏசி வேண்டும், தீப்பிடித்தால் எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. வேறெங்கும் நகல் வைக்காத வாடிக்கையாளர்களுக்குத் திரும்ப எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீ பரவியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைக்கும் ஜி-டிரைவ் என்ற கிளவுட் அழிந்தது. 858 டெராபைட், அதாவது எட்டரை லட்சம் ஜிபிக்கு மேல். அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே நகல் எடுக்கவில்லையாம். இவ்வளவுக்கும் தொழில்நுட்பத்தில் அந்த நாடு நமக்கெல்லாம் அண்ணன்.

தீ கூட வேண்டாம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் தனக்கென்று வைத்திருந்த தனிக் கிளவுட் ஒன்று ஒரு தவறான செட்டிங்கால் அழிந்தது. அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் ஒரு நகல் வைத்திருந்தார்கள். அதனால் எழுந்து நின்றார்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், சோழவந்தான் அம்மாவுக்கோ எனக்கோ தரவு மையத் தீ பெரிய கவலை இல்லை. பெரிய நிறுவனங்கள் படங்களை ஒரே இடத்தில் வைப்பதில்லை. நம் வீடுகளில் நடப்பது வேறு. பொருள் பத்திரமாக இருக்கும், சாவி தொலைந்துவிடும்.

திருமங்கலத்துக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார். நிலப் பத்திரம், பென்ஷன் ஆணை, மகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மேலே ஏற்றி வைத்திருந்தார். புதுப் போன் வாங்கியதும் கடவுச்சொல் கேட்டது. மறந்துவிட்டார். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. அந்தப் பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்கு வேறு யாருக்கும் தர மாட்டார்கள். அப்புறம் தரலாம். தந்துவிட்டார்கள். என் கடையிலிருந்தே அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். ராமநாதபுரம் பக்கம் ஓர் ஆட்டு வியாபாரி எடுத்தார். பின்னணியில் ஆடுகள் கத்துகின்றன. வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க வாத்தியாருங்கிறீங்க, பொய் சொல்ல மாட்டீங்க" என்று ஆறு எண்களை வாசித்துவிட்டார். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று இதே வானொலியில் தினமும் விளம்பரம் வருகிறது. அன்றைக்கு ஒருவர் அதைக் கேட்காததால் வாத்தியாருக்குப் பத்திரம் கிடைத்தது. வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இத்தனை மாதமும் அந்தப் பத்திரங்களின் சாவி ஓர் ஆட்டு வியாபாரியின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை என்பதுதான் வாத்தியாரின் அதிர்ஷ்டம்.

ஆகவே எண்ணை மாற்றினால், வங்கிக்குச் சொல்வதுபோல மெயில் கணக்கிலும் அன்றைக்கே மாற்றுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைக்கும்போது, போன் கையில் இல்லாவிட்டாலும் உள்ளே நுழைய கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும். அவற்றைத் தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வையுங்கள். போனில் படம் பிடித்து வைக்காதீர்கள். அந்தப் போன்தானே தொலையப் போகிறது.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் அதன் பெயரில் ஒரு மெயில் கணக்கு தொடங்கி, படமும் கடிதமுமாக அனுப்பி வைக்கிறார்கள், பதினெட்டு வயதில் கொடுப்பதற்காக. நல்ல ஆசை. ஆனால் இரண்டு வருஷம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. நீங்கள் வெளியிலிருந்து கடிதம் அனுப்பிக்கொண்டே இருப்பது கணக்கில் வராது. உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். இலவச இடமும் முன்போல இல்லை. 2021 ஜூன் 1 முதல் படங்களும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான்.

வீட்டுத் தலைவர் திடீரென்று போய்விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கடையில் நிறையப் பார்த்துவிட்டேன். அதை விவரிக்க மனமில்லை. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்கள் சொல்லும் காலம் வரை கணக்கு அசையாமல் கிடந்தால், நீங்கள் குறித்தவருக்குத் தகவல் போகும். ஆப்பிள் போனிலும் வாரிசுத் தொடர்பு என்று உண்டு. இரண்டுக்கும் பத்து நிமிடம் போதும்.

என் வீட்டில் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். நானும் கிளவுட் வைத்திருக்கிறேன், காசும் கட்டுகிறேன். கூடவே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று விளாங்குடியில் என் பீரோவில், இன்னொன்று தேனியில் தங்கச்சி வீட்டில். போகி அன்று வீட்டில் பழையதைக் கழிக்கும்போது நான் டிஸ்கைச் செருகித் திறக்கிறதா என்று பார்ப்பேன். டிஸ்க்கும் சாகும், பென்டிரைவும் சாகும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்று செத்தது. தங்கச்சி வீட்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். மச்சான் அதில் பாதி இடத்துக்குச் சினிமா ஏற்றி வைத்திருந்தது தனிக் கதை.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். போனில் மீட்டெடுக்கும் மென்பொருள் எதற்கும் ஒன்றும் சிக்கவில்லை. "விசேஷத்தன்னிக்கு யாருக்காவது வாட்ஸ்அப்ல அனுப்புனீங்களாம்மா?" என்று கேட்டேன். பேத்தியின் தாய்மாமன் திருப்பூரில் இருக்கிறார். அவர் போனில் 11 படங்கள் இருந்தன. வாட்ஸ்அப்பில் போனதால் சுருங்கிப் போனவை. மாமன் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை அழுகிறது, கம்மல் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரிகிறது. பதினொன்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துத் துண்டில் சுற்றி மஞ்சப்பைக்குள் வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, இதையும் மேல ஏத்தி விட்ருங்க."

ஏற்றிவிட்டேன். நன்றி, வணக்கம்.