விமானம் இல்லாத விமானந்தாங்கி

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்புக்கு அப்பால், ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், ஒரு போர்க்கப்பல் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. பிரிட்டனின் ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் இதுதான். அது மூழ்கியபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஜப்பானியப் படை ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்து கொழும்பைத் தாக்கியது. முதல் நாளே கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கட்டலினா விமானம் அந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. அதன் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தார்.

அடுத்த குறி திருகோணமலை. 8ஆம் திகதி இரவோடு இரவாக ஹெர்மிஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே கிளம்பியது. துணைக்கு வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். ஹெர்மிஸின் சுவோர்ட்ஃபிஷ் விமானங்களோ கரையிலேயே நின்றுவிட்டன. அவை இருந்திருந்தாலும் கப்பலைக் காத்திருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் அவை. டோர்பிடோ போடத்தான் சரி, வானத்தில் மல்லுக்கட்ட அல்ல. அந்தக் கப்பலுக்குத் தேவைப்பட்டவை சண்டை விமானங்கள்.

மறுநாள் காலை ஜப்பானிய வேவு விமானமொன்று அதைக் கண்டுவிட்டது. குண்டுவீச்சில் திருகோணமலையின் தொலைபேசித் தொடர்புகள் குலைந்திருந்தன. உதவி கேட்ட அழைப்புக்குச் சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் இல்லை. ஐச்சி ரகப் பாய்ச்சல் குண்டுவிமானங்கள் எண்பதுக்கும் மேல் கிளம்பி வந்திருந்தன. உயரத்திலிருந்து தலைகுப்புறப் பாய்ந்து, கப்பலை நெருங்கி, 250 கிலோ குண்டை விட்டுவிட்டு மேலேறும் விமானங்கள் அவை. ஒன்று போனதும் அடுத்தது. சுமார் நாற்பது குண்டுகள் விழுந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஹெர்மிஸ் கவிழ்ந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். அப்புறம் வாம்பயரும் மூழ்கியது.

வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களில் ஏறத்தாழ அறுநூறு பேரை அது ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனது.