மடை திறக்கிற கை

பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

விவசாயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நம்ம கண்மாயைப் பற்றியும், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிட்டு அதைக் காத்த நீர்க்கட்டியைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு இறங்குகிறேன்.

நம்ம சிவகங்கைச் சீமையில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயில் தேக்கி வைத்து, தை வரைக்கும் நெல்லைக் கரைசேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்படி ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. ஒன்று நிரம்பினால், மிஞ்சின தண்ணீர் வழிகிற கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். மேலூரில் கலங்கலை ஒரு கல் உயர்த்தினால் கீழூரில் பயிர் காயும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலையைச் சொல்வோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல் வெட்டியது. அதில் ஏரியைக் கவனிக்கிற குழுவான ஏரி வாரியத்துக்கென்றே ஆறு பேர். ஆனால் நிலமும் மனையும் இல்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. தண்ணீரில் இறங்கி மடை திறந்தவன் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம்ம ஊர் நீர்க்கட்டிக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அதனால்தான் பாரபட்சம் இருக்காது என்று நம்பி ஊரே அவர் கையில் மடையைக் கொடுத்தது. ராத்திரி வாய்க்காலில் காலை வைத்தாலே எந்த வயலுக்கு எவ்வளவு பாய்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு கை வைக்கோல், நாலு வெட்டு மண், அவ்வளவுதான், தண்ணீர் திரும்பிவிடும்.

நான் ஏழாவது படித்தபோது மழை பொய்த்தது. எங்கள் வயல் கதிர் வாங்குகிற நேரம். அப்பா மண்வெட்டியோடு போனார், பின்னாலேயே நானும் போனேன். வாய்க்கால் வரப்பில் நீர்க்கட்டி ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். “இன்னைக்கு முறை கடைமடைக்குங்க ஐயா. உங்களுக்கு நாளை மறுநாள்” என்றார். அப்பா சத்தம் போட்டார். அவர் எழுந்திருக்கவே இல்லை. கடைமடையில் இருந்தவை கைம்பெண்கள் இரண்டு பேரின் வயல்கள்.

அந்தத் தையில் களத்தில் நீர்க்கட்டிக்குக் கூலி நெல் அளந்தபோது, அப்பா ஒரு மரக்கால் குறைத்து அளந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டில் முடிந்துகொண்டு போனார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவரை ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. இதை இந்த மேடையில் சொல்லாமல் நான் கண்மாயைப் பற்றிப் பேசக் கூடாது.

அப்புறம் போர்வெல் வந்தது. பட்டனைத் தட்டினால் தண்ணீர், பக்கத்து வயல்காரனிடம் கேட்க வேண்டியதில்லை. மடை முறை போனது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் தூர்ந்தது, தண்ணீர் தேங்குகிற உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறியது. ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைச் செப்பனிடுகிற குடிமராமத்தை 2017இல் அரசு மறுபடி தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் மண்ணை எந்திரம் அள்ளிவிடும், முறைத்தண்ணீர் பிரிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம்மிடம் இருக்கிறார். நீர்க்கட்டியின் மகன். கூலி நெல் நின்று இருபது வருஷம் ஆகிறது. இருந்தும் அடைமழை பிடித்தால் டார்ச் லைட்டோடு கரையைச் சுற்றி வருகிறவர் அவர்தான். இந்த அறுப்பிலிருந்து ஏக்கருக்கு இரண்டு மரக்கால் என்று கமிட்டி இன்றைக்கே எழுதட்டும். முதல் அளவை எங்கள் களத்தில், அப்பா குறைத்த மரக்காலையும் சேர்த்து.

அதோ, வேப்பமரத்தடியில் நிற்கிறார். அண்ணே, முன்னால் நாற்காலி இருக்கிறது. வந்து உட்காருங்கள்.