பழ ஜூஸா, டயட் கோலாவா? சுகர் உள்ளவங்க எதைக் குடிக்கலாம்?

அடுத்த கேள்வி. "அப்பாவுக்கு சுகர், மாத்திரை போடுறார். ஜூஸ்ல சர்க்கரை இருக்குன்னு விட்டுட்டு டயட் கோலாவுக்கு மாறிட்டார். ஜீரோ கலோரிதானேங்கிறார். அது சரியா?"ன்னு கேட்டிருக்கீங்க.

சர்க்கரையை மட்டும் பார்த்தா அப்பா சொல்றது சரிதான். 250 மி.லி ஆரஞ்சு ஜூஸ், ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட போடாம வீட்ல பிழிஞ்சதுன்னே வச்சுக்கோங்க. 110 கலோரி கிட்ட வரும், சர்க்கரை 20, 21 கிராம். சாதாரண கோலா அதே அளவுக்கு 26 கிராம் கிட்ட. ரெண்டுக்கும் பெரிய தூரம் இல்ல. டயட் கோலால சர்க்கரையே கிடையாது.

"பழத்துல இருக்கிற சர்க்கரை ஒண்ணும் பண்ணாது"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முழுப் பழத்துக்கு அது ஓரளவு பொருந்தும், ஜூஸுக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனமே ஜூஸ்ல இருக்கிற சர்க்கரையை, நாம டீயில போடுற சர்க்கரையோட சேர்த்துத்தான் கணக்குப் பண்ணுது. ஒரு ஆரஞ்சுப் பழத்துல 3 கிராம் நார்ச்சத்து இருக்கு. வடிகட்டின ஒரு டம்ளர் ஜூஸ்ல அரை கிராம்தான் மிஞ்சும், ஆனா அந்த டம்ளருக்கு மூணு பழமாவது பிழியணும். மூணு பழத்தை உரிச்சு, கொட்டை எடுத்து, சுளை சுளையா சாப்பிட்டுப் பாருங்க, ரெண்டாவது பழத்துலயே போதும்னு ஆயிடும். ஜூஸா குடிச்சா ஒரே மூச்சுல உள்ள போயிடும், சுகரும் அதே வேகத்துல ஏறும்.

அதுக்காக டயட் கோலா சத்தானதுன்னு ஆயிடாது. அந்த ஜூஸ்ல வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, பொட்டாசியம் 450, 500 இருக்கு, ஃபோலேட் இருக்கு. டயட் கோலால தண்ணி, கேஸ், பாஸ்பாரிக் ஆசிட், கஃபீன், இனிப்பூட்டி. அவ்வளவுதான். பல்லுக்கு ரெண்டுமே புளிப்புதான், எனாமல் கரையும், குடிச்ச உடனே பிரஷ் பண்ணாதீங்க. கிட்னி பாதிப்பு இருந்தா ஜூஸ்ல பொட்டாசியம் தொந்தரவு, கோலால பாஸ்பேட் தொந்தரவு. அவங்க டாக்டர்கிட்ட கேட்காம ரெண்டையும் தொடக் கூடாது.

டயட் கோலால போடுற இனிப்பூட்டியான அஸ்பார்டேம் பத்தின பயத்தையும் சொல்லிடறேன். 2023 ஜூலைல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை "புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம்"ங்கிற பட்டியல்ல சேர்த்தாங்க. ஆனா உடம்பு எடைல கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்ங்கிற பழைய அளவை மாத்தல. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட தினமும் 9 கேனுக்கு மேல குடிக்கணும். பினைல்கீட்டோனூரியாங்கிற அபூர்வமான பிறவி நோய் உள்ளவங்க மட்டும் அறவே தவிர்க்கணும், பாட்டில்லயே எழுதியிருக்கும்.

கடைக்குப் போனா சாத்துக்குடி ஜூஸ்ல சர்க்கரைப் பாகு ஊத்துவாங்க, முன்னாடியே வேண்டாம்னு சொல்லுங்க. பாக்கெட் மாம்பழ டிரிங்க்ல 10 சதவீதம் பழம் இருந்தாலே சட்டப்படி போதும். பின்பக்கம் 100 மி.லிக்கு எவ்வளவு சர்க்கரைன்னு பார்த்து, பாக்கெட் அளவால (மி.லி) பெருக்கி, நூறால வகுங்க. "100% ஜூஸ்"ங்கிற வாசகத்தையே எடுக்கச் சொல்லி 2024 ஜூன்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு.

அப்பாவுக்கு என் யோசனை: பழத்தைப் பழமா சாப்பிடட்டும். ஜூஸ்தான் வேணும்னா 150 மி.லி, சாப்பாட்டோட. தாகத்துக்குத் தண்ணி, மோர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி. டயட் கோலா எப்பவாவது ஒண்ணு பரவாயில்ல.

ஆனா ஒரு இடத்துல அது உயிருக்கே ஆபத்து. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை, இல்ல இன்சுலின் எடுக்கிறவங்களுக்கு சுகர் திடீர்னு 70க்குக் கீழ இறங்கலாம். வேர்க்கும், கை நடுங்கும், படபடன்னு வரும். அப்ப வீட்ல இருக்கிற டயட் கோலாவைக் குடுத்தா ஒரு பாயின்ட்கூட ஏறாது. 150 மி.லி ஜூஸோ சாதாரண கோலாவோ குடுங்க. 15 கிராம் மாவுச்சத்து கிடைச்சிடும். 15 நிமிஷம் கழிச்சு செக் பண்ணுங்க, ஏறலன்னா இன்னொரு தடவை குடுங்க. நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே 108க்குக் கூப்பிடுங்க. அப்பா மாத்திரைல வோக்லிபோஸ் இருக்கான்னும் அட்டையில பாருங்க. அது சாதாரண சர்க்கரை செரிக்கிறதையே தாமதப்படுத்தும், அதனால ஜூஸ் சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை எடுக்கிறவங்க வீட்ல குளுக்கோஸ் பவுடர் இருக்கணும், 3 டீஸ்பூன் தண்ணில கரைச்சுக் குடுக்கணும்.