மூன்று கால் பானைக்கு ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆலய நிர்வாகக் குழுவின் பெரியோர்களே, மாநகர மன்றத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர் அவர்களே, நம் அழைப்பை ஏற்றுப் பக்கத்து உம்லாசியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சமையற்கூடத்தில் இன்னும் வேலையாக இருக்கும் மகளிர் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் சாட்ஸ்வொர்த் எப்படி உருவானது, நம் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லி, அந்த நினைவுகளுக்கு இந்தக் கூடத்தில் ஓர் அறை கேட்க வந்திருக்கிறேன்.

1950-இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசு வரைபடத்தில் கோடு கிழித்தது. டர்பனில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அருகருகே வாழ்ந்த கேட்டோ மேனர் போயிற்று. நகரசபைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மேகசின் பராக்ஸ் போயிற்று. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வாரிசுகள், நூறு ஆண்டு கழித்து மறுபடியும் மூட்டை கட்டினார்கள். சாட்ஸ்வொர்த் மண்கூட நம்மவர்கள் வாழை பயிரிட்ட மண்தான். அதையும் எடுத்துக்கொண்டே 1960-களில் இந்த வீடுகளைக் கட்டினார்கள். குடியிருப்புகளுக்கு எண் கொடுத்தார்கள். யூனிட் 3, யூனிட் 5 என்று இன்றும் வாய் தவறாமல் சொல்கிறோம்.

இடம் பார்த்ததையும் கவனியுங்கள். ஒரு பக்கம் ஆப்பிரிக்கர்களின் உம்லாசி, மறுபக்கம் வெள்ளையர் பகுதி, நடுவில் நாம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்! 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டார்கள். இவர்கள் சேர்ந்து வாழவே முடியாது என்று சொல்ல அதுவே வெள்ளையர் அரசுக்குச் சாக்காயிற்று.

சேர்ந்து வாழ முடியாதா? என் அத்தை கதையைக் கேளுங்கள். கேட்டோ மேனரில் அத்தை வீட்டுப் பின்புறக் குடிசையில் ஒரு ஜூலுப் பெண் குடியிருந்தார். கலவர இரவில் அத்தையையும் இரண்டு பிள்ளைகளையும் தன் கட்டிலுக்குக் கீழே ஒளித்து, வாசலில் தானே உட்கார்ந்துகொண்டவர் அவர். பத்தாண்டுக்குப் பிறகு அந்தக் குடிசைகளைத்தான் முதலில் இடித்தார்கள். அவரை ஆப்பிரிக்கர்களுக்கென ஒதுக்கிய க்வாமாஷுவுக்கு லாரியில் ஏற்றினார்கள். லாரியில் இடமில்லாததால் தன் மூன்று கால் இரும்புப் பானையை அத்தையிடம் கொடுத்து, "வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார். சில ஆண்டுகளில் அத்தைக்கும் நோட்டீஸ் வந்தது. மாமா தன் பீரோவை ஏற்றச் சொல்கிறார், அத்தை பானையை ஏற்றச் சொல்கிறார். லாரிக்காரர் பொறுமை இழந்து, "இரண்டில் ஒன்று" என்றார். பீரோ கேட்டோ மேனரிலேயே நின்றுவிட்டது! ஒவ்வொரு புரட்டாசிக்கும் அத்தை அந்தப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வைப்பார். சமைக்க மட்டும் மாட்டார். "அது அவள் பானை" என்பார். அந்த அம்மாள் வரவே இல்லை. அடியில் ஒரு கால் சற்றுத் தேய்ந்த அந்தப் பானை இன்று என் வீட்டில் இருக்கிறது.

எனக்கு இன்று முக்கியம் ஒன்றே ஒன்றுதான். இந்தச் சமூகக் கூடத்தின் பக்கவாட்டு அறை உடைந்த நாற்காலிகளால் அடைந்து கிடக்கிறது. அதை உம்லாசிக்காரர்களோடு சேர்ந்து நாம் பொதுவாக நடத்தும் நினைவறையாக்க வேண்டும். இந்தியருக்குத் தனி அறை, ஆப்பிரிக்கருக்குத் தனி அறை என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை நம் முதுகே அறியும். இடித்தவன் ஒருவன், இடிபட்டவர் இருவர். ஒரே அறையில் அவர்களுடைய நோட்டீசும் நம்முடைய நோட்டீசும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கட்டும். கப்பல் பட்டியலில் உங்கள் கொள்ளுப்பாட்டனாருக்கு இட்ட எண் எழுதிய தாள், வாடகைப் புத்தகம், பழைய புகைப்படம், எது இருந்தாலும் எலி தின்பதற்குள் கொண்டுவாருங்கள். எண்பது வயது தாண்டியவர்களை இப்போதே பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மாநகர மன்ற உறுப்பினர் அவர்களே, அறையின் சாவி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. இந்த மேடையிலேயே ஒரு தேதி சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தமிழிலும் ஜூலுவிலும் எழுதியிருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.