சட்டம் மாறுச்சு, நாய்க்கு வேலை போச்சு! அமெரிக்க நகர போலீஸின் ஸ்பெஷல் யூனிட்கள்

[திரையில்: ஒரு மோப்ப நாய் காரைச் சுத்தி வருது. பின் கதவுக்குப் பக்கத்துல சட்டுனு உக்காருது.]

ஒரு போலீஸ்காரர். லஞ்சம் வாங்கல. டியூட்டிக்கு லேட்டா வரல. மேலதிகாரியை எதிர்த்துப் பேசல. ஆனாலும் ரிட்டயர் பண்ணி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. காரணம் என்ன தெரியுமா? அவரோட மூக்கு, சொல்லிக்கொடுத்த வேலையை அப்படியே செஞ்சது.

அவருக்கு நாலு கால், ஒரு வாலும் உண்டு.

அமெரிக்கால மாநிலம் மாநிலமா கஞ்சாவை அனுமதிக்க ஆரம்பிச்சதும், கஞ்சா வாசனை பழகின போலீஸ் நாய்கள் பலதுக்கும் இதே கதிதான். கூடவே இன்னொரு விஷயமும் சொல்லப் போறேன். அதே அமெரிக்க போலீஸ் பள்ளிக்கூடப் பசங்களுக்காக நடத்தின ஒரு பிரம்மாண்டமான திட்டம் ஊத்திக்கிச்சு. நாய் விஷயத்துல இருந்த அதே ஓட்டைதான் அதுலயும் இருந்துச்சுன்னு நான் சொல்வேன். என்ன ஓட்டைன்னு போகப்போக உங்களுக்கே புரியும்.

[திரையில்: யூனிட் சின்னங்கள் வேகமா ஓடுது]

பின்னணியை மளமளன்னு முடிச்சிடலாம். அமெரிக்கால நகரத்துக்கு நகரம் தனி போலீஸ் துறை. பெரிய நகரத்துல ஸ்வாட் (ஆபத்தான ஆயுத மோதலுக்குப் போற அதிரடிப்படை), பாம் ஸ்குவாட், பேச்சுவார்த்தைக் குழு, நாய்ப்படைன்னு எல்லாத்துக்கும் முழுநேர ஆள் இருப்பாங்க. சின்ன ஊர்ல, காலைல ஸ்பீடு டிக்கெட் கிழிச்ச அதே ஆளு சாயங்காலம் ஸ்வாட் கவசத்தை மாட்டிக்கிட்டு வந்து நிப்பாரு.

ஸ்வாட் லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1967-ல ஆரம்பிச்சது. நாலு பேர் கொண்ட 15 டீம், மொத்தம் 60 பேர். அதுக்குப் பின்னாடி இருந்த அதிகாரி டாரில் கேட்ஸ். இந்தப் பேரைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

பாம் ஸ்குவாட்காரங்க எல்லாரும் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்ல எஃப்பிஐ நடத்துற ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சு வர்றவங்க. அவங்க போடுற சூட் 35 கிலோவைத் தாண்டும். உடம்பு முழுக்க மூடியிருந்தாலும் கை மட்டும் பெரும்பாலும் வெறுங்கைதான், ஏன்னா கையுறை போட்டுக்கிட்டு நுணுக்கமான வேலை செய்ய முடியாது. அதனாலதான் முதல்ல ரோபோவை அனுப்புவாங்க. மனுஷன் போறது கடைசி வழி.

பேச்சுவார்த்தைக் குழுவை நியூயார்க் போலீஸ் 1973-ல ஆரம்பிச்சது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல நடந்த படுகொலைதான் அதுக்குத் தூண்டுதல். இவங்ககிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விதி இருக்கு: பேசுறவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுக்கிறவர் பேசக் கூடாது. ஏன்? பணயக்கைதிகளைப் பிடிச்சு வச்சிருக்கவன் "இப்பவே கார் அனுப்பு"ன்னு கத்தும்போது, பேசுறவர் பொய் சொல்லாமலே "மேல கேட்டுட்டு சொல்றேங்க"ன்னு இழுக்கலாம். கமாண்டரே லைன்ல வந்துட்டா அந்தச் சாக்கு போச்சு. பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து துண்டுச்சீட்டுல குறிப்பு எழுதி நீட்டிக்கிட்டே இருப்பாரு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுறதுங்கறது மட்டும் கிடையவே கிடையாது.

சரி, இப்ப நம்ம ஹீரோ.

[திரையில்: பெல்ஜியன் மாலின்வா, குளோஸப்]

இது பெல்ஜியன் மாலின்வா. ஜெர்மன் ஷெப்பர்டை விட ஒல்லி, ஆனா சேட்டைல ரெண்டு மடங்கு. போலீஸ் வேலைக்கு நாயை முறையாப் பழக்குனது பெல்ஜியத்துல கென்ட் நகரத்துல, 1899-ல. இன்னைக்கும் அமெரிக்க நகரங்கள் நாய் வாங்குறது பெரும்பாலும் ஐரோப்பாலேர்ந்துதான்.

இங்க ஒரு கட்டுக்கதையை உடைச்சிடலாம். போலீஸ் நாய்க்கு ஜெர்மன் மொழியில கட்டளை குடுக்குறாங்களே, திருடனுக்குப் புரியக் கூடாதுன்னா? இல்லீங்க. நாய் வரும்போதே "ஸிட்ஸ்"னா உக்காரணும், "ப்ளாட்ஸ்"னா படுக்கணும், "அவுஸ்"னா வாயில இருக்கிறதை விடணும்னு கத்துக்கிட்டு வந்துடுது. நாய்க்கு மறுபடி இங்கிலீஷ் கத்துக்குடுக்கிறதை விட, போலீஸ்காரருக்கு பத்து ஜெர்மன் வார்த்தை கத்துக்குடுக்கிறது சுலபம். அவ்வளவுதான் ரகசியம்!

அடுத்தது, நாய் போதைப்பொருளைத் தேடல. பந்தைத் தேடுது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் முடிஞ்சது.

பயிற்சி எப்படி நடக்குதுன்னு பாருங்க. மூடின ஜாடிக்குள்ள போதைப்பொருளோட பஞ்சுத்துணியைப் போட்டு வச்சு, துணியில வாசனை ஏற விடுவாங்க. ஒரே மாதிரி டப்பாக்களை வரிசையா வச்சு, ஒண்ணுல மட்டும் அந்தத் துணி. நாய் ஒவ்வொண்ணா மோந்துக்கிட்டே வரும். சரியான டப்பால மூக்கு நின்ன அந்த நொடியே பந்து விழணும். எங்கேருந்து? நாயோட தலைக்கு மேலேருந்து, டப்பா வாய்க்கே. நாயோட கண்ணுக்கு, பந்து அந்த வாசனைக்குள்ளேருந்து குதிச்சு வந்த மாதிரி இருக்கணும்.

இதுல அரை நொடி தாமதமானாலோ, கையிலேருந்து பந்து வர்றதை நாய் பார்த்துட்டாலோ என்ன ஆகும்? அடுத்த தடவை டப்பாவை மோந்துட்டு, திரும்பி ஹேண்ட்லர், அதாவது அதைக் கையாளுற போலீஸ்காரர் மூஞ்சியைப் பார்க்கும். "பந்து உங்கிட்டதானே இருக்கு, குடு"ன்னு. அந்த ஒரு பார்வையைப் பார்த்தாலே பயிற்சியாளர் தலையில கை வச்சிடுவாரு.

அதுக்கப்புறம்தான், வாசனை கிடைச்சா சைகையா உக்காரப் பழக்குறது. பிறகு குழப்பம் பண்றது: சும்மா டப்பாக்கள்ல தின்பண்டம், டென்னிஸ் பந்து, புதுக் கையுறை, ஒட்டுற டேப், காலி பிளாஸ்டிக் பை. காலி பை எதுக்கு? சரக்கை எப்பவும் ஒரே வகைப் பையில போட்டு ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னா, நாய் அந்தப் பையோட வாசனையைத்தான் கத்துக்கும்! நீங்க கொக்கெய்ன் நாயைப் பழக்குனதா நெனச்சுக்கிட்டிருப்பீங்க. அங்க உருவாகி நிக்கிறது ஒரு பிளாஸ்டிக் பை நாய்.

சரக்கைச் சேர்த்து வைக்கிறதும் ஒரு பெரிய தப்பு. கஞ்சாவையும் கொக்கெய்னையும் ஒரே பெட்டியில வச்சா கொக்கெய்ன்ல கஞ்சா வாசனை ஏறிடும். அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி டப்பா, தனிக் கையுறை. இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. கொக்கெய்னைக் கண்டுபிடிக்கிற நாய் பெரும்பாலும் கொக்கெய்னையே மோந்து பிடிக்கிறது இல்ல. அதுலேருந்து ஆவியா வர்ற மெத்தில் பென்சோயேட்ங்கற வேதிப்பொருளைத்தான் பிடிக்குது.

போதைப்பொருள் நாய்க்கு வெடிகுண்டு கத்துக்குடுக்கவே மாட்டாங்க. நாய் ஒரு பெட்டி முன்னாடி உக்காந்துடுச்சுன்னு வைங்க, பெட்டியைத் திறக்கணுமா, திரும்பிப் பார்க்காம ஓடணுமான்னு உங்களுக்குத் தெரியணும்ல?

[திரையில்: வெயில்ல நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிற நாய்]

வெயிலும் ஒரு எதிரி. நாய் வாயைத் திறந்து இரைக்கும்போது மோப்பம் பிடிக்கிறது குறைஞ்சிடும். அதனால வெயில்ல அடிக்கடி ஓய்வு குடுத்தே ஆகணும். நாய் வண்டியில ஒரு வெப்ப அலாரம் இருக்கும், உள்ளே சூடு ஏறுனா ஜன்னலை இறக்கி, ஃபேனைப் போட்டு, ஹாரனை அலற விடும். ஏன் இவ்வளவு ஏற்பாடுன்னா, பூட்டின வண்டிக்குள்ள மாட்டி செத்துப்போன போலீஸ் நாய்கள் நிறைய.

இப்ப வேலை போன கதைக்கு வருவோம். 2005-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல சொன்னது: நாய் காரை வெளியேருந்து மோந்து பார்க்கிறது சட்டப்படி 'சோதனை' ஆகாது, ஏன்னா அது காட்டிக்குடுக்கிறது சட்டவிரோதப் பொருளை மட்டும்தான். நல்ல லாஜிக். ஆனா 2012-ல கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு, 21 வயசு ஆனவங்க ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் கஞ்சா வச்சுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. லாஜிக் போச்சு.

கொலராடோல கிரெய்க்னு ஒரு சின்ன நகரம். 2015-ல அங்க ஒரு வண்டியை நிறுத்துறாங்க. கிலோங்கற போலீஸ் நாய் மோந்துட்டு சைகை காட்டுது. உள்ளே மெத்ங்கற போதைப்பொருளைப் புகைக்கிற குழாய் கிடைக்குது. நாய் சொன்னது சரிதானே? ஆனா கிலோ பழகினது அஞ்சு வாசனை: கஞ்சா, கொக்கெய்ன், ஹெராயின், எக்ஸ்டஸி, மெத். அஞ்சுக்கும் சைகை ஒண்ணேதான். வண்டியில சட்டப்படியான கஞ்சா இருந்திருந்தாலும் அதே சைகைதான் வந்திருக்கும். 2019-ல கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: கஞ்சா பழகின நாயை விட்டு மோந்து பார்க்கிறதே ஒரு சோதனைதான், அதுக்குத் தகுந்த காரணம் முன்கூட்டியே இருக்கணும்.

கஞ்சாவை மட்டும் மறக்க வச்சா என்னன்னு கேப்பீங்க. பந்து குடுக்கிறதை நிறுத்துனா நாய் கொஞ்ச நாள்ல கஞ்சாவைக் கண்டுக்காது, உண்மைதான். ஆனா அது அழியாது, உள்ளேயே கிடக்கும். ஒரு நாள் திடீர்னு எட்டிப் பார்க்கும். அது எந்த நாள்னு நீதிமன்றத்துல சத்தியம் பண்ணிச் சொல்ல எந்த ஹேண்ட்லராலயும் முடியாது. அதான் அந்த நாய்களுக்கு ஓய்வு, புது நாய்களுக்கு நாலே வாசனை. வேலை போன நாய்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம், பொதுவா ஹேண்ட்லர் வீட்டு சோபாலதான் படுத்திருக்கும்.

[திரையில்: காலி அறை, சுவத்துல ஒரு சிவப்புத் தாள்]

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 2011-ல வெளிவந்த ஒரு ஆய்வு. கலிஃபோர்னியால 18 நாய், 18 ஹேண்ட்லர். ஒரு சர்ச்சுல நாலு அறை. சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிற இடத்துல வாசனை இருக்குன்னு ஹேண்ட்லர்களுக்குச் சொல்லிட்டாங்க. உண்மையில எந்த அறையிலயும் எதுவுமே இல்ல. மொத்தம் 144 தேடல். நாய் சைகை காட்டினதா ஹேண்ட்லர் சொல்லாம, சுத்தமா முடிஞ்சது வெறும் 21 தான்!

நாயா பொய் சொல்லுச்சு? ஹேண்ட்லர் மனசுல ஒரு எதிர்பார்ப்பு உக்காந்திருக்கு. தாள் பக்கம் வந்ததும் நடை மெதுவாகும், கயிறு லேசா இறுகும். இல்லேன்னா சாதாரணமா நின்ன நாயைப் பார்த்தே "காட்டிடுச்சு"ன்னு தோணும். இதுக்கு மருந்து ஒண்ணுதான்: சரக்கு எங்க இருக்குன்னு ஹேண்ட்லருக்கும் தெரியக் கூடாது, பக்கத்துல நின்னு மதிப்பெண் போடுறவருக்கும் தெரியக் கூடாது. சில அறைகள் முழுக்கக் காலியாவே இருக்கணும். மாசத்துக்கு 16 மணி நேரம் பயிற்சிங்கறது இந்தத் துறையில பரவலாச் சொல்ற அளவு. என்னைக் கேட்டா, 16 மணி நேரமும் பதில் தெரிஞ்சுக்கிட்டே பயிற்சி எடுக்கிறதுக்கு, வீட்டுல தூங்கலாம்.

பதில் தெரிஞ்ச பரிச்சை! ஆமா, நான் சொன்ன ஓட்டை அதுதான். இப்ப பசங்க பக்கம் வாங்க.

[திரையில்: 1980-கள் வகுப்பறை, சீருடையில ஒரு அதிகாரி]

1983. லாஸ் ஏஞ்சல்ஸ். ஸ்வாட்டை ஆரம்பிச்ச அதே டாரில் கேட்ஸ் இப்ப போலீஸ் தலைவர். பசங்களைப் போதைப்பொருள் பக்கம் போகாமத் தடுக்க, நகரப் பள்ளிக்கூட நிர்வாகத்தோட சேர்ந்து டேர் (D.A.R.E.) திட்டத்தைத் தொடங்குறாரு. ஒரு கையில ஸ்வாட், இன்னொரு கையில அஞ்சாங்கிளாஸ் பாடம். என்ன மனுஷன்யா!

80 மணி நேரம் பயிற்சி எடுத்த போலீஸ்காரர், சீருடையிலேயே வகுப்புக்கு வருவாரு. வாரம் ஒரு பாடம், 17 வாரம். டி-ஷர்ட், டேரன்னு ஒரு சிங்க பொம்மை. உச்சத்துல இருந்தப்ப அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள்ல முக்கால்வாசியில இது நடந்துச்சு. பெத்தவங்களுக்குப் பிடிச்சது, டீச்சருக்குப் பிடிச்சது, அரசியல்வாதிக்கு ரொம்பவே பிடிச்சது.

பசங்க போதைப்பொருள் தொடுறது குறைஞ்சதா? 1994-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல விளைவு ரொம்பச் சொற்பம். 1999-ல, பாடம் படிச்ச பசங்களைப் பத்து வருஷம் கழிச்சுத் தேடிப் பார்த்தாங்க. படிக்காதவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. 2001-ல அமெரிக்க சர்ஜன் ஜெனரல், அதாவது நாட்டோட தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியோட அறிக்கை இதைப் பலனில்லாத திட்டங்கள் பட்டியல்ல போட்டுடுச்சு.

எங்க கோளாறு? வகுப்பு பிடிச்சிருந்ததான்னு கேட்டாங்க, பிடிச்சிருந்தது. கெடுதல் என்னென்னன்னு கேட்டாங்க, பசங்க ஒப்பிச்சாங்க. ஆனா நண்பன் நீட்டும்போது நிஜமாவே மறுக்கிறாங்களான்னு அந்தக் கேள்விகள் காட்டாது. பதில் தெரிஞ்ச அதே பரிச்சைதான். 2009-ல பாடத்தையே மாத்தினாங்க. 10 பாடம், பேச்சு குறைவு, நடிச்சுப் பழகுறது அதிகம். நண்பன் நீட்டும்போது மறு, காரணம் சொல்லு, அந்த இடத்துக்கே போகாம தவிர், எழுந்து கிளம்பு. இந்த நாலையும் பசங்க வாயாலயே சொல்லி, நடிச்சுக் காட்டணும்.

போலீஸும் பசங்களும் விளையாட்டு வழியாப் பழகுற திட்டம் இதுக்கெல்லாம் மூத்தது. 1914-ல நியூயார்க் போலீஸ் சில தெருக்கள்ல வண்டிகளைத் தடுத்து, பிள்ளைகளை விளையாட விட்டதுலேருந்து வளர்ந்ததுதான் போலீஸ் அத்லெடிக் லீக்.

கொஞ்சம் பெரிய பசங்களுக்கு, போலீஸ் வேலையைப் பழகிப் பார்க்கிற எக்ஸ்ப்ளோரர் திட்டம், 14-லேருந்து 20 வயசு வரைக்கும். இதுல போட்டி வைப்பாங்க பாருங்க, அங்க மார்க் போறது எல்லாம் சின்னச் சின்ன விஷயத்துக்கு. காரை நிறுத்துற பயிற்சின்னு வைங்க. போலீஸ் வண்டியை முன்னாடி நிக்கிற காருக்கு நேர் பின்னாடி விடக் கூடாது, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி விடணும். பின்னாடி வர்ற வண்டி இடிக்காம, நடந்து போக ஒரு பாதுகாப்பான சந்து கிடைக்கும். ஓட்டுநர் கதவுக்கு நேரா நிக்கக் கூடாது, கதவுக்கு ஒரு அடி பின்னாடி நிக்கணும். டார்ச் இடது கையில. வலது கையில டார்ச் பிடிச்சா, சிவப்பு பிளாஸ்டிக் துப்பாக்கியை எடுக்க வேண்டிய கை அடைஞ்சு போச்சு, மார்க் காலி.

இந்தத் திட்டத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. பசங்களை ரோந்து வண்டியில கூட்டிட்டுப் போன அதிகாரிகளே அவங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்ட வழக்குகள் பல நகரங்கள்ல வந்திருக்கு. அதனாலதான் எந்தப் பிள்ளையும் ஒரு அதிகாரியோட தனியா இருக்கக் கூடாது, பெரியவங்க ரெண்டு பேர் இருக்கணும்னு விதி. நடைமுறைல இந்த விதி உடையுற இடமே ரோந்து வண்டிதான், ஏன்னா அதுல பெரும்பாலும் ஒரே ஒரு அதிகாரிதான் இருப்பாரு. உங்க சொந்தக்காரங்க யாராவது அமெரிக்கால இருந்து பிள்ளையை இதுல சேர்க்கிறாங்கன்னா, சீருடை அழகைப் பார்க்கிறதுக்கு முன்னாடி "ரோந்துக்குப் போகும்போது வண்டியில யார் யார் இருப்பாங்க, போன நேரம் வந்த நேரம் எங்க பதிவாகுது?"ன்னு கேக்கச் சொல்லுங்க. பதில் மழுப்பலா இருந்தா கையெழுத்து வேண்டாம்.

குதிரைப்படை பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லலன்னு கமென்ட்ல திட்டப் போறீங்க, தெரியும். திட்டுங்க. நிறைய பேர் திட்டினா அடுத்த வீடியோ அதுதான்.